முட்டை அட்டை கட்டி 9 நாள் ஆகிறது, காய்ப்புழு இன்னும் தின்கிறது. குளவி எங்கே போனது?

தக்காளிக்கிறுக்கன்:
தக்காளிக் காய்ப்புழுவுக்கு டிரைக்கோகிராமா அட்டை (பொடிக் குளவிகள் வளரும் முட்டைகளை ஒட்டிய அட்டை) வாங்கிக் கட்டினேன். இன்றோடு 9 நாள். காலையில் ஒரு வரிசையை மட்டும் எண்ணிப் பார்த்தேன். 40 காயில் 7 காயில் ஓட்டை. ஒரு புழு தலையைக் காய்க்குள் விட்டு, பின்பாதியை வெளியே நீட்டிக்கொண்டு நிம்மதியாகத் தின்கிறது. குளவி என்று ஒன்றைக்கூட என் கண்ணால் பார்க்கவில்லை. அட்டை முழுக்க மணல் மாதிரி கறுப்புப் புள்ளிகள் இருந்தன, இன்னும் அப்படியேதான் இருக்கின்றன. செத்த அட்டையை என் தலையில் கட்டிவிட்டார்களா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பாத்தியில் முட்டைக்கோஸ். அங்கே ஒரு பச்சைப் புழு மஞ்சளாக ஒரு கொத்து முட்டையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முட்டையோடு கையும் களவுமாகப் பிடித்தேன் என்று இரண்டையும் சேர்த்து நசுக்கிவிட்டேன்.

நேர்ப்பேச்சு:
குளவியை நம்பினால் இப்படித்தான். ஒரு தெளிப்பு அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

குளவிக்கூடு:
தெளிப்புக்குப் போகும் முன் இரண்டு கேள்வி. அட்டையைப் புழு கண்ணில் பட்ட பிறகு கட்டினீர்களா, அதற்கு முன்பா? கட்டிய இடத்தில் எறும்பு உண்டா?

தக்காளிக்கிறுக்கன்:
புழுவைப் பார்த்த பிறகுதான் சார். புழுவே இல்லாமல் எதற்குக் கட்ட வேண்டும்? எறும்பைக் கவனிக்கவில்லை.

ஆறுகால்:
அண்ணே, மற்றது இருக்கட்டும். புழு எப்போது முட்டை போட்டது? அது இன்னும் வண்ணத்துப்பூச்சியே ஆகவில்லையே. நீங்கள் நசுக்கியது முட்டை அல்ல, குளவிக் கூடுகள். கொட்டேசியா குளோமெரேட்டா என்று பெயர். தாய்க் குளவி இளம் புழுவின் உடம்புக்குள் இருபது முப்பது முட்டைகளை ஒரே குத்தில் இறக்கிவிட்டுப் போய்விடும். உள்ளே வளரும் குளவிப் புழுக்கள் உயிர் உறுப்புகளை விட்டுவிட்டு, இரத்தத்தையும் கொழுப்பையும் தின்னும். முட்டைக்கோஸ் புழு முழு வளர்ச்சி அடையும் சமயத்தில் எல்லாம் ஒன்றாகத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, அங்கேயே பட்டு நூற்று மஞ்சள் கூடு கட்டும்.

வெட்கப்பட வேண்டாம். 1602இல் இத்தாலியின் இயற்கையியலாளர் அல்ட்ரோவாண்டி இதே புழு, இதே மஞ்சள் கொத்தைப் பார்த்து, நீங்கள் நினைத்ததையே நினைத்தார். சரியான விளக்கம் வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

தக்காளிக்கிறுக்கன்:
அடக்கடவுளே. அப்படியென்றால் நான் கொன்றது என் பக்கத்து ஆட்களையா?

ஆறுகால்:
இருபது முப்பது பேரை. அந்தப் புழு எப்படியும் சாகப் போகிற புழுதான். அது அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்றீர்களே, அதுதான் எனக்குப் பிடித்த இடம். உடம்பு முழுக்க ஓட்டை, இனித் தின்னவும் செய்யாது. ஆனாலும் சில நாள் உயிரோடு இருந்து, தன்னைத் தின்றவர்களின் கூடுகள் மேல் பட்டு வலை பின்னும். யாராவது அருகே வந்தால் தலையை வீசி விரட்டும். அடுத்த முறை கண்ணில் பட்டால் இலையோடு பறித்து ஒரு பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி வையுங்கள்.

குளவிக்கூடு:
சரி, அட்டைக்கு வருவோம். கோளாறு அட்டையில் இல்லை, கட்டிய நாளில் இருக்கிறது. டிரைக்கோகிராமா புழுவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது முட்டை ஒட்டுண்ணி. அந்துப்பூச்சி இலையில் வைத்த முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். உள்ளே பொரிவது அந்த முட்டையின் கருவையே தின்று, 8 முதல் 10 நாளில் குளவியாக வெளியே வரும். காய்க்குள் தலையை விட்டுவிட்ட புழுவுக்கு அட்டை கட்டுவது கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

காய்ப்புழு முட்டை வெயில் காலத்தில் 3 முதல் 5 நாளில் பொரிந்துவிடும். அதிலும் குளவிக்குப் பிடித்தது புதிதாக இட்ட முட்டை. உள்ளே புழுவின் தலை உருவாகிவிட்டால் முட்டை அதற்கு உதவாது. ஆக உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நாள். அதனால்தான் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, ஆண் அந்து விழத் தொடங்கியதும் முதல் அட்டையைக் கட்டச் சொல்வார்கள். அப்புறம் வாரம் ஒன்று வீதம் பூவும் பிஞ்சும் இருக்கும் வரை. ஒரே அட்டையைக் கட்டிவிட்டுக் காத்திருந்தால் பலன் இல்லை. வெளியே வந்த குளவிக்கு ஆயுளே சில நாள்தான்.

குளவியைக் கண்ணால் பார்க்கவில்லை என்றீர்கள். பார்க்கவும் முடியாது. அரை மில்லிமீட்டர். அச்சடித்த எழுத்தின் முற்றுப்புள்ளி அளவு.

நான் 6 வருடம் ஒரு வளர்ப்புக் கூடத்தில் இருந்தவன். அட்டை எப்படி வருகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே பாதி விளங்கிவிடும். தானியத்தில் வளரும் கார்சைரா அந்துப்பூச்சியைத் தட்டுத்தட்டாக வளர்ப்போம். அந்துகளைப் பிடித்துக் கூண்டில் விட்டால் இரவில் முட்டை கொட்டும். 1 கன சென்டிமீட்டரில் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 முட்டை. அதைச் சலித்து, புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் கருவைக் கொன்றுவிட்டு (இல்லையென்றால் அட்டையில் அந்துப் புழு பொரிந்து மற்றதையெல்லாம் தின்றுவிடும்), பசை தடவிய அட்டையில் தூவி, குளவிகள் இருக்கும் பையில் போடுவோம். மூன்று நான்கு நாளில் வெள்ளை முட்டை கருமையாக மாறும். அந்த நிறம்தான் முத்திரை. இந்த வேலையில் மோசமானது அந்தின் செதில் தூள். முகமூடி போடாமல் ஒரு நாள் நின்றால் ஒரு வாரம் இருமல்.

உங்கள் அட்டையை ஒரு உருப்பெருக்கியில் பாருங்கள். கறுப்பு முட்டையில் ஊசி குத்தியது போல வட்ட ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. ஓட்டை இல்லாமல் முழுசாக இருந்தால்தான் விற்றவரைக் கேட்க வேண்டும்.

கண்ணாடிக்கூடம்:
பசுமைக்குடில்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நான் பயன்படுத்துவது வெள்ளை ஈக்கு என்கார்சியா பார்மோசா என்ற குளவி. இங்கே வேலை நடக்கிறதா இல்லையா என்று சந்தேகமே வராது. குத்து வாங்கிய வெள்ளை ஈக் குஞ்சு பத்து நாளில் கறுத்துவிடும். இலையைத் திருப்பினால் வெள்ளைக்கு நடுவே கறுப்பு. எண்ணிக் கணக்கு வைக்கலாம்.

இதைக் கண்டுபிடித்ததே ஒரு தக்காளிக்காரர்தான். 1926இல் இங்கிலாந்தில் தன் செடியில் கறுத்த வெள்ளை ஈக் குஞ்சுகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அருகிலிருந்த செஷன்ட் ஆராய்ச்சி நிலையத்தில் ஸ்பெயர் என்பவர் அதை வளர்க்க ஆரம்பித்தார். சில ஆண்டுகளில் ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் குளவிகளை அனுப்பும் அளவுக்கு வளர்ந்தது. 1940களில் டிடிடி பூச்சிமருந்து வந்தது, குளவியை எல்லோரும் மறந்தார்கள். அப்புறம் பூச்சிகள் மருந்துக்கு மசியாமல் போனதும் 1970களில் திரும்பத் தேடிப் போனார்கள்.

ஒரு எச்சரிக்கை. குளிர் காலத்தில் குடில் 18 டிகிரிக்குக் கீழே போனால் என்கார்சியா பறக்காது, நடந்தே திரியும். ஈ மட்டும் பெருகும். என் முதல் வருடம் அப்படித்தான் நாசமானது.

ஆறுகால்:
அந்தக் குளவியில் ஆணே கிடையாது என்பதையும் சொல்லுங்கள். பொதுவாகக் குளவியில் கருவுறாத முட்டை ஆண், கருவுற்றது பெண். என்கார்சியாவின் உடம்பில் வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது. அது கருவுறாத முட்டையையும் பெண்ணாக்கிவிடும். நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து அதை விரட்டினால் ஆண்கள் பிறக்கின்றன.

நேர்ப்பேச்சு:
கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில் 1935இல் கரும்பு வண்டைத் தின்னட்டும் என்று தேரையை விட்டார்கள். வண்டு அப்படியே இருந்தது, தேரை கண்டத்தின் வடக்கிலும் கிழக்கிலும் பரவியது. இதுவும் உயிரியல் கட்டுப்பாடுதானே? வெளியூர்ப் பூச்சியைக் கொண்டுவந்து விட்டபின் பாட்டிலில் திருப்பி அடைக்க முடியுமா? மருந்தாவது நாளாவட்டத்தில் போய்விடும்.

ஆறுகால்:
கேள்வி நியாயமானது. உதாரணம்தான் பொருந்தாது. தேரை வாயில் நுழைவதையெல்லாம் தின்னும். ஒட்டுண்ணிக் குளவியோ ஒருவிதத்தில் நோய்க் கிருமி மாதிரி. புழுவின் உடம்புக்குள் போன அந்நிய முட்டையை அதன் இரத்த அணுக்கள் சூழ்ந்து மூடிக் கொன்றுவிடும். அதைச் சமாளிக்கக் கொட்டேசியா தன் முட்டையோடு ஒரு வைரஸையும் சேர்த்து ஊசி போடுகிறது. அந்த வைரஸின் மரபணுக்கள் குளவியின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே இருக்கின்றன, சுமார் பத்துக் கோடி ஆண்டுகளாக. இந்தப் பூட்டுக்கு இந்தச் சாவி என்று அமைந்த ஏற்பாடு. பூட்டு கொஞ்சம் மாறினாலும் சாவி திரும்பாது.

மரவள்ளி மாவுப்பூச்சிக் கதையைப் பாருங்கள். 1970களின் தொடக்கத்தில் அது ஆப்பிரிக்காவில் நுழைந்து, கோடிக்கணக்கான மக்களின் கிழங்குப் பயிரைத் தாக்கியது. பூச்சியின் தாயகம் தென் அமெரிக்கா. முதலில் அந்தக் கண்டத்தின் வடக்கே தேடினார்கள். பார்த்தால் அச்சு அசல் அதே மாதிரி ஒரு மாவுப்பூச்சி. அதன் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், ஒட்டவே இல்லை. பிறகு பார்த்தால் அது வேறு இனம். 1981இல் பராகுவேயில் உண்மையான ஆளைக் கண்டுபிடித்தார்கள், கூடவே அனகைரஸ் லோபெசி என்ற குளவியும் கிடைத்தது. அதே ஆண்டு நைஜீரியாவில் விட்டார்கள், அப்புறம் ஒவ்வொரு நாடாகப் பரவியது. முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். 2009இல் அதே குளவி ஆப்பிரிக்காவிலிருந்து தாய்லாந்துக்கும் போனது. இந்த வகையில் வருடா வருடம் அட்டை வாங்கும் வேலை இல்லை, குளவி அங்கேயே குடியேறிவிடும்.

நேர்ப்பேச்சு:
வென்றதை மட்டும் சொல்கிறீர்கள். தோற்றது எங்கே?

ஆறுகால்:
அதையும் சொல்கிறேன். அண்ணன் நசுக்கிய அதே கொட்டேசியாவை 1880களில் முட்டைக்கோஸ் புழுவுக்காக அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பூர்வீகமாக இருந்த ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் புழுவையும் அது விட்டுவைக்கவில்லை. அதைவிட மோசம் கம்ப்சிலூரா. அது குளவி அல்ல, ஒட்டுண்ணி ஈ. 1906இல் ஒரு கம்பளிப்புழுவுக்காக அதே நாட்டில் விட்டார்கள். பார்த்த புழுவிலெல்லாம் தன் குஞ்சை இறக்கிவிடும் ரகம் அது, பெரிய பட்டு அந்துகள் பலவற்றை அரிதாக்கிவிட்டது. எதைத் தாக்கும், எதைத் தாக்காது என்று தனிமைக் கூடத்தில் வருடக்கணக்கில் சோதித்த பிறகே இப்போது வெளியே விடுகிறார்கள் என்றால், இந்த அனுபவம்தான் காரணம்.

நேர்ப்பேச்சு:
இதை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. முதல் முறையாக ஒரு குளவி ஆள் தோல்வியைச் சொல்லிக் கேட்கிறேன்.

குளவிக்கூடு:
வீட்டுத் தோட்டத்தில் அட்டை கட்டுகிறவருக்கு இந்தப் பயம் வேண்டாம், அது இருக்கிற குளவியையே கூட்டி விடுவது. எங்கள் பக்கம் குறை வேறு. தலைமுறை தலைமுறையாகக் கூடத்துக்குள் கார்சைரா முட்டையிலேயே வளர்ந்த குளவி சோம்பேறியாகிவிடும். சிறகு சுருண்டவை, ஆண் அதிகமானவை எல்லாம் வரும். நல்ல கூடத்தில் அவ்வப்போது வயலில் இருந்து புது ரத்தம் சேர்ப்பார்கள், சேர்க்காத இடமும் உண்டு. இதனால்தான் ஒருவருக்குப் பலித்தது இன்னொருவருக்குப் பலிப்பதில்லை.

பூவரசி:
நான் அட்டையே வாங்குவதில்லை. பாத்தி ஓரத்தில் கொத்தமல்லியையும் சோம்பையும் அறுக்காமல் பூக்க விட்டுவிடுவேன். குளவிக்கு வாய் சின்னது. ஆழமான பூவில் தேன் எட்டாது, குடை மாதிரி விரிந்த இந்தப் பூக்களில்தான் எட்டும். தேன் குடித்த குளவி பட்டினிக் குளவியைவிடப் பல நாள் கூடுதலாக உயிரோடு இருக்கும். காலை வெயிலில் அந்தப் பூவின் பக்கத்தில் அசையாமல் கொஞ்ச நேரம் நில்லுங்கள். எறும்பு அளவில், இடை ஒடிந்துவிடும் போல மெலிந்து, மீசையை ஆட்டிக்கொண்டே நடக்கிறதே, அதுதான்.

தக்காளிக்கிறுக்கன்:
அக்கா, அது கொட்டுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பூவரசி:
இந்தப் பூவில் நான் பார்க்கிற பொடிக் குளவிகள் கொட்டியதே இல்லை தம்பி. அதன் ஊசி முட்டை வைக்கத்தான். நீங்கள் கட்டிய டிரைக்கோகிராமா கையில் ஏறி நடந்தால்கூடத் தெரியாது.

தக்காளிக்கிறுக்கன்:
உருப்பெருக்கி வாங்கிவிட்டேன். அறிக்கை இதோ.

அட்டை: பெரும்பாலான புள்ளிகளில் ஓட்டை இருக்கிறது! கீழ் மூலையில் மட்டும் முட்டையே இல்லை, பசை மட்டும் பளபளக்கிறது. சுற்றிலும் சிற்றெறும்பு. குச்சியில் கட்டியிருந்தேன், அதன் வழியாக ஏறியிருக்கின்றன. விற்றவர் மேல் பழி போட்டதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செடி: நுனி இலைகளிலும் பூங்கொத்துப் பக்கத்திலும் தேடி 11 முட்டை கண்டேன். 5 வெள்ளை, 2 பழுப்பு, 4 கறுப்பு. இலையோடு டப்பாவில் வைத்திருக்கிறேன். இந்தக் கறுப்பு நான்கும் குளவி வாங்கியவையா?

குளவிக்கூடு:
அவசரப்படாதீர்கள். பொரியப் போகிற நல்ல முட்டையும் கறுக்கும். ஆனால் அதில் கறுப்பு ஒரு பக்கம் மட்டும் திட்டாக இருக்கும், அது உள்ளே இருக்கும் புழுவின் தலை. குளவி வாங்கியது முட்டை முழுக்க, தார் பூசியது மாதிரி மினுமினுவென்று கறுத்திருக்கும். எறும்புக்கு அட்டை கட்டும் நூலில் கொஞ்சம் பிசின் தடவுங்கள். இலையின் அடிப்பக்கம், நிழலில், மாலையில் கட்டுங்கள்.

தக்காளிக்கிறுக்கன்:
மூன்று முழுக்கக் கறுப்பு. ஒன்றில் திட்டுதான்.

நேர்ப்பேச்சு:
சரி, ஒரு நேரான கேள்வி. இதற்கு நடுவில் காயில் இருக்கிற புழுவை என்ன செய்வது? தெளிக்கவே கூடாதா?

குளவிக்கூடு:
காயில் இருப்பதைக் காயோடு பறித்து அழிப்பதுதான் நல்லது, மருந்தும் உள்ளே எட்டாது. வெளியே திரியும் சின்னப் புழுவுக்கு பிடி (Bt) என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியாவைத் தெளிக்கலாம். அது தின்ற புழுவைத்தான் கொல்லும், குளவியைத் தொடாது. ஆனால் வயிற்றுக்குள் குளவி வளரும் புழுவும் பிடி தின்று செத்தால் குளவியும் அதோடு போகும், அந்த இழப்பு உண்டு. பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிதான் வேண்டாம். உங்கள் கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் முதலில் சாவார்கள், இலையில் தங்கும் படிவு அடுத்த அட்டையில் வருவதையும் கொல்லும். தெளித்த மறுநாளே அட்டை கட்டிவிட்டு அட்டையைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நேர்ப்பேச்சு:
அது நான்தான். போன பருவம்.

தக்காளிக்கிறுக்கன்:
டப்பா விஷயம். திட்டு இருந்த முட்டை மறுநாளே பொரிந்து புழு வந்தது. முழுக்கக் கறுத்த மூன்றும் ஒரு வாரத்துக்கு அப்படியே இருந்தன. நேற்றுக் காலையில் மூடியின் உட்புறம் தூசி நகர்கிற மாதிரி இருந்தது. கண்ணாடியை வைத்துப் பார்த்தால் மஞ்சள் உடம்பு, சிவந்த கண். மூன்று முட்டையில் இருந்து ஐந்து வந்திருக்கின்றன, எப்படி?

குளவிக்கூடு:
காய்ப்புழு முட்டை கார்சைரா முட்டையைவிடப் பெரியது. ஒன்றில் இரண்டு வளர இடம் உண்டு. அம்மா முட்டை மேல் நடந்து பார்த்தே அளவு கணக்குப் போட்டுவிடுவாள்.

தக்காளிக்கிறுக்கன்:
இன்னொரு செய்தி. முட்டைக்கோஸில் வேறொரு புழு, மஞ்சள் கொத்தோடு கிடைத்தது. ஆறுகால் சொன்னபடி பாட்டிலில் வைத்தேன். பென்சிலால் தொட்டால் தலையை ஓங்கி வீசுகிறது, பாவமாக இருக்கிறது. மொத்தம் 23 கூடு. எட்டாம் நாள் கறுப்புக் குளவிகள் 15 வந்தன. துணியை அவிழ்த்து விட்டுவிட்டு, மிச்சத்தோடு பாட்டிலை மூடி வைத்தேன். அதற்கும் ஒரு வாரம் கழித்து இன்னும் 6 வந்தன. இவை கொஞ்சம் வேறு மாதிரி இருக்கின்றன, வயிறு பழுப்பு. தாமதமாக வந்த தம்பிகளா?

ஆறுகால்:
காலிக் கூடுகளைப் பாருங்கள். திறந்த விதம் எப்படி இருக்கிறது?

தக்காளிக்கிறுக்கன்:
15 கூட்டில் நுனி வட்டமாக வெட்டி, டப்பா மூடி மாதிரி ஓரத்தில் தொங்குகிறது. 6 கூட்டில் எலி கடித்த மாதிரி ஒழுங்கில்லாத ஓட்டை. 2 திறக்கவே இல்லை.

ஆறுகால்:
மூடி வைத்தது கொட்டேசியா. கடித்துக் குதறியது குளவியைத் தின்னும் குளவி, மேல் ஒட்டுண்ணி என்பார்கள். கூட்டுக்குள் இருக்கும் கொட்டேசியாவின் மேல் முட்டை வைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புழு கடித்த செடி ஒரு வாசனையை விட்டுக் குளவியை வரவழைக்கும். வெறும் கத்தரியால் வெட்டினால் அந்த வாசனை அவ்வளவாக வராது, புழுவின் எச்சில் பட வேண்டும். ஒட்டுண்ணி உள்ளே இருக்கும் புழு கடித்தால் வாசனை கொஞ்சம் மாறும். அந்த மாறிய வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஆறு பேரின் அம்மா வந்திருப்பாள்.

தக்காளிக்கிறுக்கன்:
அப்போது இந்த ஆறையும் என்ன செய்வது? நசுக்கவா?

பூவரசி:
ஒரு தடவை நசுக்கிப் பார்த்தீர்களே தம்பி.

தக்காளிக்கிறுக்கன்:
பாட்டிலை முட்டைக்கோஸ் பாத்தியில் இருந்து தள்ளி, வேலி ஓரம் கொண்டுபோய்த் திறந்தேன். ஐந்து பறந்துவிட்டன. ஒன்று மட்டும் பாட்டிலின் வாயில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறது. பொறியில் இன்று 4 ஆண் அந்து. புது அட்டையை மாலையில் கட்டுகிறேன், நூலில் பிசின் தடவியாயிற்று.